பதிவேட்டில் இல்லாத சுடலை

"சுடலைன்னு ஒரு ஆளே அந்தக் கம்பெனியில கிடையாதே" என்றார் விசாரணை அதிகாரி.

அவருக்கு எதிரில் நின்றவரின் பேர்தான் சுடலை. நாற்பத்தொன்பது வயது. பத்தொன்பது வருஷம் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தவர். இடது காதில் இன்னும் பஞ்சு வைத்திருந்தார். திருத்தங்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, சூலக்கரையில் இருக்கும் அலுவலகத்துக்கு விடிந்ததும் வந்து காத்திருந்தவரிடம் இப்படிச் சொன்னார்கள்.

அதிகாரி கெட்டவரில்லை. வருகைப் பதிவேட்டைத் திருப்பி வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். "நீங்களே பாருங்க. முத்துப்பாண்டி இருக்கு. இசக்கிப்பாண்டி இருக்கு. வெறும் பாண்டின்னு ஒண்ணு இருக்கு. சுடலை எங்க இருக்கு?"

"அந்த வெறும் பாண்டி நாந்தான்யா."

"அப்ப பாண்டின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எம் பேரு சுடலை."

"ஆதார்ல?"

"சுடலை."

அதிகாரி பேனாவை மூடினார். "ஒரு ஆள் வெடிவிபத்தைப் பத்திச் சாட்சி சொல்ல வந்தா, அவர் அங்க வேலை பார்த்தவர்னு முதல்ல தெரியணும். உங்க அட்டையில இருக்கிற பேர் கம்பெனியில இல்ல. கம்பெனியில இருக்கிற பேர் உங்க அட்டையில இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்னு சொல்ல, பதிவேட்டில இருக்கிற யாரையாவது கூட்டிட்டு வாங்க. அடுத்த வியாழக்கிழமை."

சுடலை சொல்ல வந்தது நான்கு வாக்கியம். அய்யம்மாள் என்ற பெண்ணால் அந்த வெடி வெடிக்கவில்லை. அந்த அறையில் நாலு பேர் உட்கார வேண்டும், ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் மழையில் நனைந்த மருந்தை மறுநாள் எடுத்துப் போடச் சொன்னார்கள். சொன்னது போர்மேன். இந்த நான்கு வாக்கியத்தையும் அவரால் சொல்ல முடியவில்லை. அவருடைய பேர் குறுக்கே நின்றது.

அந்தப் பேரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சுடலை என்றால் பிணம் எரிக்கும் இடம். அந்த இடத்தைக் காவல் காப்பவர் சுடலைமாடன் என்பது தெற்குச் சீமையின் நம்பிக்கை. சிவனே சுடலைச் சாம்பலைப் பூசிக்கொண்டு ஆடுகிறவர்தான். அதைப் பெரிய கோயில்களில் உருகி உருகிப் பாடுவார்கள். கடவுள் அங்கே போய் ஆடினால் தத்துவம். ஒரு கூலிக்காரர் அந்தப் பேரை வைத்துக்கொண்டால் மட்டும் அபசகுனம்.

சுடலை பிறப்பதற்கு முன் அவருடைய அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்தன. மூன்றாவது பிள்ளைக்குச் சுடலைமாடன் பேரை வைத்தால் சாவு கிட்டே வராது என்றார்கள். பிள்ளை பிழைத்தது. ஊரில் இன்றைக்கும் அதற்குக் காரணம் பேர்தான். அந்த வருஷம்தான் முதல்முதலாக ஒரு நர்ஸ் அந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைத்துத் தடுப்பூசி போட்டார் என்பது யாருக்கும் நினைவில்லை. அந்த நர்ஸின் பேரையும் யாரும் எந்தப் பிள்ளைக்கும் வைக்கவில்லை.

பேர் வைக்க இன்னொரு காரணமும் இருந்தது. சுடலையின் தாத்தாவும் சுடலை. அந்தத் தாத்தாவின் தாத்தாவும் சுடலை. முதல் சுடலை இலங்கைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். போனார் என்பது மட்டும்தான் தெரியும். இரண்டாவது சுடலை ஊர்ப் பெரிய வீட்டுக் கரிசல் நிலத்தில் பருத்தி எடுத்தவர். அறுபது வருஷம் அந்த நிலத்தில் நின்ற மனிதரை நிலக்காரர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏலே" என்றால் அவர்தான் வர வேண்டும். நிலக்காரர் வீட்டு முன்கூடத்தில் ஏழு தலைமுறைப் பேர்களைக் கறுப்புக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் பருத்தி எடுத்துக் கொடுத்தவர்களின் பேர் எந்தக் கல்லிலும் இல்லை.

பாண்டி என்ற பேர் அப்படியில்லை. மதுரையை ஆண்ட அரசர்களின் பேர் அது. கல்வெட்டு, செப்பேடு, காசு எல்லாவற்றிலும் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தெருவில் கல்லெறிந்தால் ஒரு பாண்டி மேல்தான் விழும். நிலக்காரர் செல்லப்பாண்டி, கூலிக்காரர் முத்துப்பாண்டி. அரசர்களின் பேரை வைக்க யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் கம்பெனிக்கு அந்தப் பேர் கைவசம் இருந்தது.

சுடலை வேலைக்குச் சேர்ந்த காலையில் என்ன நடந்தது என்பதை அவர் சிரிக்காமல் சொல்வதில்லை. ஆனால் சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இருக்காது. கம்பெனி வாசலில் ஒரு காளியம்மன் பீடம். தினமும் காலையில் அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டு, பதிவேட்டைப் பார்த்துப் போர்மேன் ஒவ்வொரு பேராகச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். கூப்பிடக் கூப்பிட ஆட்கள் உள்ளே போவார்கள். போர்மேன் பேர் லட்சுமிகாந்தம்.

"பேரு என்னலே?"

"சுடலை."

லட்சுமிகாந்தம் கையைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார். "காலங்காத்தால கற்பூரம் காட்டிட்டு இந்தப் பேரையா நான் கூப்பிட? மருந்து இருக்கிற இடம்லே இது."

"எங்க தாத்தா பேருங்க."

"தாத்தா பேரை வீட்டோட வச்சுக்கோ. இங்கன நீ பாண்டி. ராசா பேரு குடுக்கேன், கசக்குதோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுடலையும் சிரித்தார். வேலை வேண்டும், இரண்டு பெண் பிள்ளைகள். பதிவேட்டில் பாண்டி என்று எழுதினார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலையில் மருந்துக் கலவை அறையில் தரைக்கு ரப்பர் விரிப்பு இல்லை. அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்க வேண்டும். உள்ளே போகிறவர் அதைத் தொட்டால் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். அந்தத் தகடும் இல்லை. விபத்து வராமலிருக்கக் கம்பெனி அன்றைக்கு எடுத்த ஒரே நடவடிக்கை, ஒரு மனிதரின் பேரை மாற்றியது. ரப்பருக்குச் செலவாகும். பேருக்குச் செலவில்லை.

கொஞ்ச நாளில் அது முதலாளி போட்ட சட்டமாக இல்லாமல் தொழிலாளிகளின் சட்டமாகவே ஆகிவிட்டது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, வீட்டில் சுடலை என்று கூப்பிட்டவர்கள் கம்பெனி வேன் ஏறியதும் பாண்டி என்றார்கள். வாய் தவறி யாராவது பழைய பேரைத் தொடங்கினால் மற்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். சுடலையின் மைத்துனர் முத்துப்பாண்டியும் அதே கம்பெனிதான். அவருக்குச் சிரமமே இல்லை. எங்கேயும் "மச்சான்" என்றால் முடிந்தது.

ஒரே ஒருத்தி மட்டும் இதற்கு அடங்கவில்லை. அவள்தான் அய்யம்மாள்.

அய்யம்மாள் ஏழு வருஷத்துக்கு முன் வேலைக்கு வந்தாள். புருஷன் இல்லை, எழில் என்று ஒரே மகள். பேன்சி ரக வெடிக்குக் குழாயில் மருந்து அடைக்கும் வேலை. வந்த முதல்நாளே அறை வாசலில் நின்று, "சுடலைண்ணே, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றாள்.

லட்சுமிகாந்தம் ஓடி வந்தார். "ஏ அய்யம்மா, வாயைக் கழுவு!"

"கழுவத் தண்ணி எங்க இருக்கு? குடிக்கவே இல்லாமத்தான் கேக்கேன்."

அதன்பிறகு தினமும் கூப்பிட்டாள். வேண்டுமென்றே கூப்பிட்டாள். வேனிலிருந்து இறங்கும்போது, சாப்பாட்டு நேரத்தில், போகும்போது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டால் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். "பேரு வெடிக்குமா, மருந்து வெடிக்குமா? பேருதான் வெடிக்கும்னா எதுக்கு இம்புட்டு மருந்து வாங்குதீக? சுடலைண்ணனைப் பாக்கெட்டுல போட்டு தீவாளிக்கு விக்க வேண்டியதுதான்!"

ஏழு வருஷம், நாளுக்கு மூன்று தடவை. ஒன்றும் வெடிக்கவில்லை. படித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்கிற சோதனை இதுதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற அய்யம்மாள் அதைச் சம்பளமில்லாமல் செய்து காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் முடிவு எட்டவில்லை.

போன புரட்டாசியில் சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் திடீரென்று மழை. கலந்து வைத்த மருந்தில் ஒரு பகுதி நனைந்துவிட்டது. அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். தூரக் கொண்டுபோய்ப் பரப்பி அழித்துவிட வேண்டும். மறுநாள் காலையில் சுடலை அந்தத் தட்டைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது.

"இது ஆகாதுங்க. அழிச்சிருவோம்" என்றார் லட்சுமிகாந்தத்திடம்.

"நாளைக்குச் சாயங்காலம் லோடு ஏறணும். ஆர்டர் குடுத்தவன்கிட்ட நீ போய்ப் பேசுதியா? காய்ஞ்சிருச்சுல்ல, உள்ள அனுப்பு."

"உள்ள ஏழு பேரு உக்காந்திருக்காக. ரூமு நாலு பேருக்குத்தான்."

"பாண்டி, உனக்குச் சம்பளம் மருந்து கலக்கவா, கணக்கெடுக்கவா?"

தட்டு உள்ளே போனது. சுடலை காகிதக் குழாய் எடுக்கச் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குப் போனார். பதினொரு மணிக்கு அந்த அறை இல்லை. அய்யம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் இறந்தார்கள். நாலு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

கம்பெனி தன் அறிக்கையை இரண்டே நாளில் கொடுத்தது. அய்யம்மாள் என்ற தொழிலாளி, எச்சரித்தும் கேளாமல் மருந்துப் பெட்டியைத் தரையில் இழுத்ததால் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. இறந்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்பது அறிக்கை எழுதியவருக்குத் தெரியும்.

முதலாளி எழுதியதைக்கூட எதிர்பார்த்திருக்கலாம். தெரு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. எரித்துவிட்டு வந்த அன்றைக்கே பேச்சு தொடங்கிவிட்டது. "காலையில வேனை விட்டு இறங்குறப்பவே அந்தப் பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டா. நானே கேட்டேன்." "அவ வாய்தான் மூணு பேரைக் கொண்டுட்டுப் போச்சு." இறந்த மற்ற இரண்டு பெண்களின் வீட்டார் எழிலோடு பேசுவதை நிறுத்தினார்கள். எழிலுக்கு இருபது வயது. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டர் கட்டுகிற வேலை. அவள் குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஒருநாள் அவள் சுடலையின் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை.

"மாமா, எங்கம்மா பெட்டியை இழுத்தாளா?"

"இல்ல. பெட்டியே அங்கன இல்ல. தட்டுதான்."

"பேரு சொன்னதால வெடிச்சுதா?"

"என்னம்மா நீயும்."

"அப்ப இதை எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லுங்க."

அதற்காகத்தான் அவர் சூலக்கரைக்குப் போனார். அங்கே அவர் இல்லாத ஆளாக இருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை முத்துப்பாண்டியை அழைத்துக்கொண்டு போனார். மனைவி பொன்மணியும் கூடவே வந்தார். "என்னை வேணும்னா கேக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அதிகாரி முதலில் பொன்மணியைத்தான் கேட்டார். "இவர் யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்."

"பேர்?"

பொன்மணி புருஷனின் ஆதார் அட்டையை மேசைமேல் நகர்த்தினார்.

"வாயால சொல்லணும்மா. எழுதிக்கணும்."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். "இந்தாங்க", "ஏங்க" என்பதைத் தவிர அவர் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த சமூகம் இது. பெண் பேரைச் சொன்னால் ஆயுசு குறையாது, பெண்ணை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம். பொன்மணி முந்தானையை வாயில் வைத்தார், எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"சுடலை."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தார். அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி எழுதவில்லை. "வீட்டில இவர் சுடலைங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. கம்பெனியில பாண்டியா இருந்தது இவர்தானாங்கிறதுதான் கேள்வி. அதை நீங்க பார்க்கல." முத்துப்பாண்டி பக்கம் திரும்பினார். "நீங்க பதிவேட்டில இருக்கீங்க. இவரைத் தெரியுமா?"

"தெரியுமாவா! எங்க மச்சானுங்க. அக்கா வீட்டுக்காரரு. மருந்துக் கலவையில இவுகளை அடிச்சுக்க ஆளு கிடையாது."

"கம்பெனியில இவர் பேர்?"

"பாண்டி."

"நல்லது. இவருக்கு வேற பேர் இருக்கா?"

முத்துப்பாண்டி தரையைப் பார்த்தார்.

"அட்டையில இருக்கிற பேரைச் சொல்லுங்க. 'அந்தப் பேர் உள்ளவர்தான் இந்தப் பாண்டி'ன்னு ஒரு வார்த்தை. போதும்."

"அதை நான் சொல்ல மாட்டேங்கய்யா."

"ஏன்?"

"நாளைக்கு நான் மருந்துல கை வைக்கணும்."

"ஏலே மாப்ள" என்றார் சுடலை. "உங்கக்காவே சொல்லிட்டாளே."

"அவ அடுப்புல கை வைப்பா. நான் மருந்துல வைக்கேன்." என்றார் முத்துப்பாண்டி. "அய்யம்மா சொன்னா, போயிட்டா. எனக்கு மூணு பிள்ளைக மச்சான்."

"அய்யம்மா நனைஞ்ச மருந்துலதான போனா!"

"எல்லாம் தெரியுது. வாய் வர மாட்டேங்குது."

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதுவும் மாட்டேன் என்றார். தலையையாவது ஆட்டச் சொன்னார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்துப்பாண்டி கோழையில்லை. வெடித்த அறைக்குள் கையைக் கொடுத்து இரண்டு பேரை வெளியே இழுத்துப் போட்டவர் அவர்தான். முழங்கை வரை தோல் உரிந்திருக்கிறது. தீக்குள் கையை விட்ட மனிதருக்கு ஒரு சொல்லைச் சொல்லப் பயம். இப்படியொரு பயத்தைக் காலை தோறும் கற்பூரம் காட்டி வளர்த்தவர்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

அதிகாரிக்கு மணியைப் பார்க்க வேண்டியிருந்தது. "ஒரு வழிதான் இருக்கு" என்றார். "பதிவேட்டில பாண்டி இருக்கார். இவர்தான் பாண்டின்னு இந்தத் தொழிலாளி சொல்லிட்டார். பாண்டிங்கிற பேர்லயே வாக்குமூலம் குடுங்க. பாண்டின்னே கையெழுத்துப் போடுங்க. சுடலைங்கிற பேச்சே வேண்டாம். எடுத்துக்கிறேன்."

பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்கள்தான் சுடலையைப் பாண்டி ஆக்கினார்கள். பதிவேட்டில் எழுதினார்கள், வாசலில் கூப்பிட்டார்கள். அவர் கையால் ஒருமுறைகூட அதை எழுதியதில்லை. சம்பளக் கவருக்குக்கூட விரலைத்தான் வைப்பார், எழுதத் தெரிந்தும்.

"கையெழுத்துப் போடலேன்னா?"

"கம்பெனி குடுத்த அறிக்கை மட்டும்தான் ஃபைல்ல இருக்கும்."

அதாவது, அய்யம்மாள் பெட்டியை இழுத்தாள் என்ற வரி மட்டும் இருக்கும்.

சுடலை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான்கு வாக்கியம் சொல்ல வந்தவர் முக்கால் மணி நேரம் சொன்னார். தட்டு வெதுவெதுவென்று இருந்தது முதல் லட்சுமிகாந்தம் கேட்ட கடைசிக் கேள்வி வரை ஒன்றையும் விடவில்லை. கடைசியில் பேனாவை வாங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பாண்டி. அவரை ஏழு வருஷம் விடாமல் சுடலை என்று கூப்பிட்டவளுக்காக அந்தப் பேரை விட்டுக்கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து, தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு எழில் அறிக்கையின் நகலை வாங்கினாள். சுடலையின் வீட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். அறையில் ஏழு பேர் இருந்ததாகவும் முந்தைய நாள் நனைந்த கலவை பயன்படுத்தப்பட்டதாகவும் சாட்சி பாண்டி கூறியுள்ளார். தொழிலாளி அய்யம்மாளின் கவனக்குறைவு என்பதற்கு ஆதாரம் இல்லை.

அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு சொன்னாள்: "இதுல உங்க பேரு எங்கயுமே இல்லையே, மாமா."

"உங்கம்மா மேல தப்புன்னு இருக்கா?"

"இல்ல."

"அப்ப போதும்."

போதாது. கம்பெனியை நாற்பத்தைந்து நாள் மூடினார்கள். பிறகு புதுப் பூசாரியை வைத்துப் பூசை போட்டுத் திறந்தார்கள். லட்சுமிகாந்தம் அதே வாசலில் அதே கற்பூரத்தோடு நிற்கிறார். பதிவேட்டில் பாண்டி என்ற வரியை அடித்துவிட்டு ஊர்க்காவலன் என்ற ஒருவரை எழுதியிருக்கிறார்கள். நல்ல பேர், காவல் இருக்கிறது. வெடித்த இடத்தில் கட்டிய புது அறையில் இப்போது ஆறு பேர் உட்காருகிறார்கள் என்று முத்துப்பாண்டியே சொல்கிறார். தெரு அறிக்கையைப் படிக்கவில்லை. எழில் நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தாள். "இருக்கட்டும்மா, அதெல்லாம் எழுத்து" என்று ஒருவர் திருப்பிக் கொடுத்தார்.

சுடலை இன்னும் மூன்று கம்பெனியில் வேலை கேட்டார். மூன்றிலும் சுடலை என்றுதான் சொன்னார். ஓரிடத்தில் "மருந்து வேலை தெரிஞ்ச ஆளு எங்களுக்கும் வேணும்தான். பேரை மட்டும் மாத்திக்கிடுதீகளா?" என்று பதமாகக் கேட்டார்கள். "ஒருக்கா மாத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கலவையைத் தொட்டுப் பார்த்தே ஆபத்தைச் சொல்லத் தெரிந்த மனிதர் இப்போது விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறார். நாள் முழுக்கத் தும்மல். அங்கே அவரைச் சுடலை என்றே கூப்பிடுகிறார்கள், ஒரு நாளைக்கு ஐம்பது தடவை.

காலையில் திருத்தங்கல் நிறுத்தத்தில் அவர் விருதுநகர் பஸ்ஸுக்கு நிற்பார். கம்பெனி வேனுக்கு நிற்கிறவர்களும் அதே இடம்தான். எழில் அச்சகத்துக்கு நடந்து வருவாள். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே, அம்மாவின் தொண்டையோடு கூப்பிடுவாள்.

"சுடலை மாமா!"

வேனுக்கு நிற்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். முத்துப்பாண்டி மச்சானைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நிற்பார். சுடலை கையைத் தூக்கிக் காட்டுவார்.

ஒன்றும் வெடிப்பதில்லை. வேன் வரும். நாலடி தள்ளி நின்றவர்கள் அதில் ஏறி, ஆறு பேர் உட்காரும் அறைக்குப் போவார்கள்.